0.27 என்ற எண்ணும் ஒரு ஜோடி இன்சோலும்: பாத வளைவு அளவீட்டுச் சேவை பற்றிய மதிப்புரை

பாதத்தைக் கணினியில் படமெடுத்து, உள்ளங்கால் வளைவைக் கணக்கிட்டு, அதற்கேற்ற இன்சோலை, அதாவது காலணிக்குள் வைக்கும் உள்ளடியை, செய்துதரும் சேவை ஒன்றை ஐந்து மாதங்களுக்கு முன்பு பயன்படுத்தினேன். எனக்குக் கால்வலி எதுவும் இருந்ததில்லை. வாங்கும் காலணி எதுவானாலும் அதன் அடிப்பாகம் உட்புற ஓரத்திலேயே முதலில் தேய்வதைக் கண்டு எழுந்த ஆர்வம்தான் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அந்த ஆர்வத்துக்கு விடையாக நான்கு பக்க அறிக்கை ஒன்று கிடைத்தது. அதில் வலது பாதம் 0.27 என்ற எண்ணோடு 'தட்டை' என்று சிவப்பிலும், இடது பாதம் 'எல்லைக்கோடு' என்று மஞ்சளிலும் அச்சாகியிருந்தன. படமெடுக்கும் கருவி நல்ல கருவி. இன்சோலும் மோசமில்லை. இரண்டுக்கும் நடுவே அந்த எண்ணுக்கு அவர்கள் சொல்லும் பொருள்தான் சேவையின் நலிந்த பகுதி என்பதால், இம்மதிப்புரையில் பெரும்பங்கு அதைப் பற்றியே இருக்கும்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். காலணியையும் காலுறையையும் கழற்றியபின், அடியிலிருந்து ஒளி வரும் கண்ணாடித் தட்டு ஒன்றில் இரண்டு கால்களையும் ஊன்றி அசையாமல் நிற்கச் சொன்னார்கள். சில நொடிகளில் உள்ளங்காலின் படம் திரையில் வந்தது. அடுத்து, அழுத்தத்தை உணரும் விரிப்பு ஒன்றின் மீது மும்முறை நடக்கச் சொன்னார்கள். எல்லாம் பன்னிரண்டு நிமிடங்களில் முடிந்தது. ஊழியர் பொறுமையாகவும் மரியாதையாகவும் நடந்துகொண்டார்; திரையில் தெரிந்த நிறங்களுக்கு என்ன பொருள் என்று நான் கேட்ட இரண்டு முறையும் சலிக்காமல் விளக்கினார். ஆனால் என் பாதத்தை அவர் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. உட்கார்ந்த நிலையில் அளவெடுக்கவில்லை. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொல்லவில்லை. அன்று எவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. நான் போனது நாள் முழுவதும் நின்று வேலை பார்த்த ஒரு மாலை நேரம்.

இந்தக் குறை ஏன் பெரியது என்பதற்குப் பாத வளைவு என்றால் என்னவென்று சற்றுப் பார்க்க வேண்டும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. குதிகால் எலும்பில் தொடங்கி, கணுக்காலுக்குக் கீழுள்ள எலும்பு, படகின் வடிவில் இருப்பதால் படகெலும்பு எனப்படும் எலும்பு ஆகியவற்றின் வழியாகப் பெருவிரலின் அடிமூட்டு வரை எழும்பி இறங்குவது உட்புற நெடுக்கு வளைவு; நாம் பொதுவாக 'வளைவு' என்று சொல்வது இதைத்தான். சுண்டுவிரல் பக்கத்தில் இதைவிடத் தாழ்ந்த இன்னொரு நெடுக்கு வளைவும், பாதத்தின் குறுக்கே ஒரு வளைவும் இருக்கின்றன. இவற்றைத் தாங்குபவை எலும்புகளின் பொருத்தமும், அவற்றைக் கட்டும் நார்களும், குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை பரவியிருக்கும் தடித்த திசுப்பட்டையும், தசைகளுமாகும். பெருவிரலை மேல்நோக்கி மடக்கினால் அந்தத் திசுப்பட்டை உருளையில் சுற்றிய கயிறுபோல இறுகி வளைவை உயர்த்துகிறது. இதை ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954இல் விளக்கினார். நின்றபடியே பெருவிரலைக் கையால் தூக்கிப் பார்த்தால் யாரும் இதைத் தம் காலிலேயே காணலாம்.

கண்ணாடித் தட்டு இவற்றில் எதையும் பார்ப்பதில்லை. அது பார்ப்பது, தரையைத் தொடும் தோலின் பரப்பை மட்டுமே. எனக்குக் கிடைத்த 0.27 என்ற எண் ஆர்ச் இண்டெக்ஸ் எனப்படும் வளைவுக் குறியீடு; இது கவானா, ராட்ஜர்ஸ் என்ற இருவர் 1987இல் முன்வைத்த கணக்கு. விரல்களை விட்டுவிட்டு மீதமுள்ள கால்தடத்தை நீளவாக்கில் மூன்று சம பகுதிகளாகப் பிரித்து, நடுப்பகுதியின் பரப்பை மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். விடை 0.21 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் உயர்ந்த வளைவு, 0.26 அல்லது அதற்கு மேல் இருந்தால் தாழ்ந்த வளைவு, இடைப்பட்டது இயல்பு. எளிமையான, திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய அளவீடு என்பதில் ஐயமில்லை. ஈரக்காலைத் தரையில் பதித்துத் தடத்தைப் பார்க்கும் பழைய வழக்கத்தின் கணிதப் பதிப்பு என்றே அதைச் சொல்லலாம். ஆனால் உள்ளங்காலில் சதைப்பற்று கூடுதலாக உள்ளவரின் நடுப்பாதம், எலும்பு வளைவு எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், தரையில் அகலமாகவே பதியும். உடல் எடை கூடியவர்களின் தடங்கள் தட்டையாகத் தோன்றுவதில் இந்தச் சதைக்குக் கணிசமான பங்கு உண்டு. தடத்தைப் பார்த்து உயரத்தைச் சொல்வது, நிழலின் அகலத்தைக் கொண்டு மரத்தின் உயரத்தைச் சொல்வதைப் போன்றது. சில வேளைகளில் சரியாக இருக்கும், சில வேளைகளில் இருக்காது.

எனவே, அறிக்கையைப் பெற்ற மறுவாரம் எனக்குத் தெரிந்த இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் போய் உயரத்தை உயரமாகவே அளக்கச் சொன்னேன். அவர் பயன்படுத்தியது வில்லியம்ஸ், மக்லே ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை. பாதத்தின் மொத்த நீளத்தில் சரிபாதி இடத்தில் மேற்பாதம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, அதைக் குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரையுள்ள நீளத்தால் வகுக்கிறார்கள். விரல்களின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால் அவற்றை விட்டுவிடுகிறார்கள். என் வலது பாதத்தில் நின்ற நிலையில் உயரம் 59 மில்லிமீட்டர், நீளம் 184 மில்லிமீட்டர், விகிதம் 0.32. உட்கார்ந்த நிலையில் உயரம் 64 மில்லிமீட்டராக இருந்தது. ஆரோக்கியமான பெரியவர்களின் சராசரி நின்ற நிலையில் ஏறத்தாழ 0.34 என்பதால், என் பாதம் சராசரிக்குச் சற்றுக் கீழே, ஆனால் இயல்பான எல்லைக்குள் இருக்கிறது என்றார் அவர். படகெலும்பின் முனையில் மையால் புள்ளி வைத்து, உட்கார்ந்த நிலையிலிருந்து நிற்கும்போது அது எவ்வளவு தாழ்கிறது என்றும் பார்த்தார், 7 மில்லிமீட்டர். ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்தால்தான் மிகுதி என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஆக, தடத்தின் கணக்கில் 'தட்டை' என்று சிவப்பு மை வாங்கிய அதே கால், உயரத்தின் கணக்கில் எந்த நிறமும் வேண்டாத சாதாரணக் கால்.

இரண்டு கணக்குகளில் எது சரி என்று கேட்பது பயனற்றது. இரண்டும் தத்தம் பொருளைச் சரியாகத்தான் அளக்கின்றன. என் குறை, தடத்தை அளந்துவிட்டு அறிக்கையில் 'வளைவின் உயரம் குறைவு' என்று எழுதியதைப் பற்றியது. அதைவிட, உட்கார்ந்தபோதும் நின்றபோதும் உள்ள வேறுபாட்டை அவர்கள் அளக்காமல் விட்டது பெரிய இழப்பு. எடை ஏறும்போது வளைவு எவ்வளவு இறங்குகிறது என்பது அதன் விறைப்பைக் காட்டுகிறது. உயரமும் விறைப்பும் ஒன்றல்ல, ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்கவும் முடியாது. தாழ்ந்தும் உறுதியான பாதங்கள் உண்டு; உயர்ந்தும் நெகிழ்வான பாதங்கள் உண்டு. விறைப்புக்கு நெடுக்கு வளைவு மட்டும் காரணமுமில்லை. ஒரு தாளை அப்படியே நீட்டிப் பிடித்தால் தொங்கும், குறுக்குவாட்டில் சற்று வளைத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும் அல்லவா, அதே தத்துவப்படி பாதத்தின் குறுக்கு வளைவு அதன் விறைப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேல் பங்களிக்கிறது என்று வெங்கடேசனும் அவருடைய குழுவினரும் 2020இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள். அறிக்கையில் குறுக்கு வளைவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அறிக்கையின் இரண்டாம் பக்கம் என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டியது. 'காரணம்' என்ற தலைப்பின் கீழ் 'பொருத்தமற்ற காலணி' என்ற இரண்டே சொற்கள். எனக்குப் பின்னால் காத்திருந்த ஒரு பெண்மணியின் அறிக்கையிலும் அதே இரண்டு சொற்கள்தாம் இருந்தன என்பதை அவரே காட்டினார். ஓராண்டுக்கு முன்பு முதல் குழந்தை பிறந்ததாகவும், அதன்பின் பழைய செருப்புகள் எதுவும் காலில் நுழையவில்லை என்றும் அவர் பேச்சுவாக்கில் சொன்னார். கருவுற்ற காலத்தில் பாதத்தின் மீது ஏறும் எடையும், இணைப்பு நார்களைத் தளர்த்தும் இயக்குநீர்களும் சேர்ந்து வளைவைத் தாழ்த்தக்கூடும். 49 பெண்களைக் கருக்காலத்தின் தொடக்கத்திலும் பேறு முடிந்து சில மாதங்கள் கழித்தும் அளந்த ஓர் ஆய்வு, வளைவு தாழ்ந்ததையும் பாதம் நீண்டதையும், குறிப்பாக முதல் பேற்றில், 2013இல் பதிவுசெய்தது. அவருடைய காலணியை மட்டும் குற்றவாளியாக்கிய அறிக்கை, அவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

காலணிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பங்கு எப்போது ஏற்படுகிறது என்பதுதான் கேள்வி. பிறந்த குழந்தையின் பாதம் கொழுப்புத் திண்டோடு தட்டையாகவே இருக்கும். வாழ்வின் முதல் பத்தாண்டில் வளைவு படிப்படியாகத் தெரியவரும். அந்தப் பருவத்தில் வெறுங்காலோடு நடப்பது உதவுகிறதா என்பதை 1992இல் ராவ், ஜோசப் ஆகிய இருவர் இந்தியாவில் 2300 குழந்தைகளின் கால்தடங்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். காலணி அணிந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. 1995இல் வளர்ச்சி முடிந்த 1846 பேரிடம் இதே கேள்வி கேட்கப்பட்டது. ஆறு வயதுக்கு முன்பே காலணி அணியத் தொடங்கியவர்களில் 3.24 விழுக்காட்டினருக்கும், பதினாறு வயதில் தொடங்கியவர்களில் 1.75 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. உடல் பருமன் உள்ளவர்களிடமும், மூட்டு நார்கள் இயல்பாகவே தளர்ந்தவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. இவற்றிலிருந்து நான் புரிந்துகொள்வது, காலணியின் தாக்கம் வளரும் பருவத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது என்பதே. நாற்பதைத் தாண்டிய ஒருவரின் சென்ற ஆண்டுக் காலணி அவருடைய வளைவை வடிவமைத்தது என்று சொல்ல இந்த எண்கள் இடம்தரவில்லை. எத்தகைய எலும்புப் பொருத்தத்தோடும் எத்தகைய நார்களோடும் பிறந்தோம் என்பதும் இதில் பேசப்பட வேண்டும். என் தந்தையின் கால்தடமும் என்னுடையதும் ஒன்றுபோலவே பதியும்.

பெரியவர்களிடம் வளைவு பின்னாளில் தாழ்வதற்கு உண்மையான ஒரு காரணம் இருக்கிறது. அறிக்கை கவனித்திருக்க வேண்டியது அதைத்தான். கெண்டைக்காலின் ஆழத்திலிருந்து புறப்பட்டு, உட்புறக் கணுக்காலின் பின்னால் வளைந்து, படகெலும்பில் வந்து பற்றும் தசைநாண் ஒன்று வளைவைத் தாங்குவதில் முதன்மையானது. அது நைந்து தளர்ந்தால், அதுவரை இயல்பாக இருந்த ஒரு பாதம் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ தாழும்; நடுவயதைத் தாண்டிய பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்: தூக்க முடிகிறதா, தூக்கும்போது குதிகால் உட்புறமாகத் திரும்புகிறதா, வளைவு எழுகிறதா என்பவைதாம் கேள்விகள். நுனிக்காலில் நிற்கும்போது வளைவு எழுந்தால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லாதவரை பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. எழாமல் விறைப்பாகவே இருந்தாலும், ஒரு கால் மட்டும் அண்மையில் தாழத் தொடங்கியிருந்தாலும், வலியோ வீக்கமோ இருந்தாலும், அவர் போக வேண்டிய இடம் மருத்துவரிடம். இன்சோல் செய்பவரிடம் அல்ல. பன்னிரண்டு நிமிடச் சோதனையில் இதற்கு முப்பது நொடிகள் ஒதுக்கியிருக்கலாம்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு மனித உருவம். தட்டைப் பாதத்திலிருந்து சிவப்பு அம்புகள் முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் கழுத்துக்கும் ஏறுகின்றன. வலியில்லாமல் உள்ளே போனவனைக் கவலையோடு வெளியே அனுப்பும் படம் அது. ஆரோக்கியமானவர்களிடம் தாழ்ந்த வளைவு தானாகவே நோயைக் கொண்டுவரும் என்பதற்கான சான்று இந்த அம்புகளைப் போல நேர்க்கோட்டில் செல்வதில்லை. அமெரிக்கத் தரைப்படையில் பயிற்சி பெற்ற 246 பேரைப் பின்தொடர்ந்து 1993இல் வெளியான ஆய்வில், மிகவும் தட்டையான பாதம் கொண்டவர்களுக்கே காயங்கள் குறைவாக ஏற்பட்டன. உயர்ந்த வளைவு கொண்டவர்களே கூடுதலாகக் காயப்பட்டார்கள். தட்டைப் பாதக்காரர்களைப் படையில் சேர்க்கத் தயங்கிய பழைய வழக்கத்தை நினைத்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பின்னர் அந்நாட்டின் தரைப்படை, வான்படை, கடற்படைத் தரைவீரர் பயிற்சிகளில், கால்தடத்தைப் பார்த்து ஓட்டக் காலணி தேர்ந்தெடுத்துக் கொடுத்த குழுவினரையும், தடம் எப்படியிருந்தாலும் ஒரே வகைக் காலணி கொடுத்த குழுவினரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. தடத்தின் வடிவத்துக்கு ஒரு காலணி என்ற கடைக்காரர்களின் நெடுநாள் வாய்பாடு அங்கே செல்லுபடியாகவில்லை.

இனி இன்சோல். பத்து நாட்களில் தயாராகிவிட்டது. கீழே கெட்டியான, சற்றே வளையக்கூடிய ஓடு. அதன்மேல் மெத்தென்ற படலம். எல்லாவற்றுக்கும் மேலே துணியுறை. குதிகால் குழிவு ஆழமாகவும் துல்லியமாகவும் இருந்தது; வேலைத்திறனில் குறைசொல்ல எதுவுமில்லை. முதல் வாரம், உள்ளங்காலின் அடியில் யாரோ ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டதைப் போன்ற உணர்வு. முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போகும்படி ஊழியர் சொல்லியிருந்தார். அந்த அறிவுரை சரியானது, நான் இரண்டாம் நாளே அதை மீறியதால் கெண்டைக்கால் வலித்தது. மூன்றாம் வாரத்தில் பழகிவிட்டது. நீண்ட நேரம் நின்று வேலை பார்க்கும் நாட்களில் மாலைச் சோர்வு குறைந்ததாக உணர்கிறேன். அது இன்சோலின் வளைவினாலா, வெறுமனே குதிகாலுக்குக் கிடைத்த மெத்தையினாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. காலணியின் உள்ளே ஏற்கெனவே இருக்கும் அட்டையை எடுத்துவிட்டால்தான் இது பொருந்துகிறது; குறுகலான காலணிகளில் நுழையவே மாட்டேன் என்கிறது. நான்காம் மாதத்தில் இடது இன்சோலின் துணியுறை குதிகால் பக்கத்தில் உரியத் தொடங்கியது. எடுத்துப்போய்க் காட்டியதும் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

ஆனால் 'வளைவை மீட்டெடுக்கும்' என்று உறையின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. இன்சோல் காலணிக்குள் இருக்கும்வரை பாதத்தைத் தாங்கும், அழுத்தத்தைப் பரப்பும், அவ்வளவுதான். நான்கு மாத முடிவில் வெறுங்காலோடு அதே இயன்முறை மருத்துவர் அளந்தபோது நின்ற உயரம் மீண்டும் 59 மில்லிமீட்டர். கழற்றிய மூக்குக் கண்ணாடி பார்வையைச் சரிசெய்துவிடாது என்பது போலத்தான் இதுவும். அளவெடுத்துச் செய்ததா, ஆயத்தமாகக் கிடைப்பதா என்ற கேள்வியும் இருக்கிறது. குதிகால் வலி உள்ள 135 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், அளவெடுத்துச் செய்த இன்சோலும் ஆயத்த இன்சோலும் ஏறத்தாழ ஒரே பயனையே தந்தன. ஓராண்டு முடிவில், வெறும் பேருக்குக் கொடுத்த மெல்லிய இன்சோலைப் பெற்றவர்களின் நிலையும் அவர்களிடமிருந்து பெரிதும் வேறுபடவில்லை. வலி இருந்தவர்களின் கதையே இது. வலியில்லாத என்னைப் போன்றவருக்கு ஆயத்த இன்சோல் ஒன்றை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தால் இந்தச் சேவையின் மீது என் நம்பிக்கை கூடியிருக்கும். கால்விரல்களை மடக்காமல் விரல்களுக்குப் பின்னால் உள்ள பாதத்தின் திரண்ட பகுதியைக் குதிகாலை நோக்கி இழுத்து உள்ளங்காலைக் குறுக்கும் எளிய பயிற்சி ஒன்றை இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுத்தார். எலும்பின் அமைப்பை அது மாற்றாது. ஆனால் வளைவைப் பிடித்திருக்கும் சிறு தசைகளை உழைக்க வைக்கும். சேவையின் நான்கு பக்கங்களிலும் பயிற்சி என்ற சொல்லே இல்லாதது தற்செயலாக இருக்காது என்று நினைக்கிறேன்.

இச்சேவையின் மிக நல்ல அம்சத்தைக் கடைசியாகத்தான் கண்டுபிடித்தேன். ஆறு மாதங்களுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டணமின்றி மீண்டும் படமெடுத்துக்கொள்ளலாம். இரண்டு முறை போனேன். முதல் முறை, காலையில் எழுந்து அதிகம் நடக்காமல் நேராகச் சென்றேன்; வலது பாதம் 0.25, அதாவது பச்சை. இரண்டாம் முறை, அதே வாரத்தில் ஒரு மாலை; 0.27, பழையபடி சிவப்பு. நாள் முழுதும் நிற்பதால் பாதம் சற்று வீங்குவதும், எடையைத் தாங்கித் தாங்கி நார்களும் தசைகளும் சற்றுத் தளர்வதும் இயல்பு. நெடுந்தொலைவு ஓடியபின் படகெலும்பின் உயரம் தற்காலிகமாகக் குறைவதும் அளந்து காட்டப்பட்ட ஒன்றே. எந்தக் காலில் கூடுதலாக எடை போட்டு நின்றேன் என்பதும் இதில் புகுந்திருக்கும். இரண்டு தாள்களையும் ஊழியர் முன் வைத்தபோது அவர் சற்று யோசித்துவிட்டு, "காலையில் வந்த படத்தை வைத்துக்கொள்ளுங்கள் சார், அதுதான் நல்லா இருக்கு," என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறத்தை எங்கே மாற்றுவது என்று தீர்மானித்தவர் அவரல்லர்.

கருவியின் துல்லியத்துக்கும் பணிவான சேவைக்கும், உரிந்த உறையைத் தயங்காமல் மாற்றித் தந்ததற்கும் சேர்த்து ஐந்துக்கு மூன்று தருகிறேன். நீண்ட நேரம் நிற்பவர்களும், ஆயத்த இன்சோல் எதுவும் காலுக்குப் பொருந்தாதவர்களும் போய்வரலாம். இரண்டாம், மூன்றாம் பக்கங்களைப் படிக்காமல் மடித்து வைத்துவிடலாம். என் இன்சோல் இப்போது ஒரே ஒரு ஜோடிக் காலணியில், நிற்கும் வேலை உள்ள நாட்களுக்காக மட்டும் கிடக்கிறது. இலவச அளவீட்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது ஒரு நாற்காலி கேட்டு, அதில் உட்கார்ந்தபடி பாதத்தைக் கண்ணாடியில் வைத்து ஒரு படமும், எழுந்து நின்று இன்னொரு படமும் எடுத்துத்தரச் சொல்லப்போகிறேன்.